இடப்பக்கம்

வில்னிஸுக்கு வலது காது கேட்காது.
லியெபாயா கப்பல் பட்டறையில் ஆறு வருடச் சுத்தியல்
நான் அவனைச் சந்திக்கும் முன்பே
அதைத் தின்று முடித்திருந்தது.
ஆகவே முப்பத்தொரு வருடமாக
நான் அவனுக்கு இடப்பக்கம்.
டிராமில், துக்க வீடுகளில்,
கட்டிலில்கூட.

ஆகவே டிக்கெட் வாங்கிய இரவே
27ஏ எனக்கு, 27பி அவனுக்கு.
கால்கரியில் என் அக்கா ஔஸ்மாவுக்குக் கல்யாணம்,
அறுபத்துமூன்று வயதில்.
மாப்பிள்ளை பனி வாரும் வண்டி ஓட்டுகிறாராம்.

விற்றது ஒரு கம்பெனி.
பறப்பது இன்னொன்று.
எண் இவர்களுடையது, இறக்கை அவர்களுடையது என்று
டிக்கெட்டின் அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை
மூன்று வாரம் கழித்துத்தான் படித்தேன்,
27 காணாமல் போன பிறகு.

முதல் கம்பெனி சொன்னது:
விமானம் அவர்களுடையது, மேடம்.
இரண்டாம் கம்பெனி சொன்னது:
டிக்கெட் அவர்களுடையது, மேடம்.
'அவர்கள்' என்கிற ஊருக்கு மட்டும்
தொலைபேசி இணைப்பே இல்லை.
காத்திருப்புப் பியானோவை நான் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன்,
உருளைக்கிழங்கு உரிக்கும்போது.

நான்காம் நாள் ஒரு பையன்,
மீசை முளைக்காத குரல்,
மேலதிகாரிக்குத் தெரியாமல் சொல்வதுபோலச் சொன்னான்:
உங்கள் பயணத்துக்கு இன்னொரு கோட் இருக்கிறது.
ஆறு எழுத்து, வேறு ஆறு எழுத்து.
வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று
பிள்ளைகளுக்கு இருப்பதில்லையா,
பள்ளிக்குப் போய் வீட்டுப் பெயரைச் சொன்னால்
யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

புதுப் பெயரால் கூப்பிட்டேன். கதவு திறந்தது.
33ஏ, 33பி.
எண்பத்தெட்டு யூரோ.
இங்கே 'உறுதி' என்றது திரை.
அங்கே 'விமான நிலையத்தில் வழங்கப்படும்' என்றது.
இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து
ஒன்றோடு ஒன்று குண்டூசியால் குத்தி வைத்தேன்,
பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானத்தையே மாற்றிவிட்டார்கள்.
வாயிலில் இருந்த அய்டின் என்ற பெண்
என் குண்டூசியைப் பார்த்தாள்.
காதைப் பற்றிச் சொன்னேன், கையைக் காட்டிச் சொன்னேன்.
வெகுநேரம் தட்டிப் பார்த்தாள், பாவம்.
பிறகு இரண்டு சீட்டு கிழித்தாள்:
அவனுக்கு 19சி. எனக்கு 41எஃப்.
பணம் திரும்ப வரும் என்றாள்,
எந்தக் கம்பெனியிடமிருந்து என்று சொல்லவில்லை.

ஒன்பதரை மணி நேரம்.
கிரீன்லாந்துக்கு மேலே எங்கோ
பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பி
'கால் வீங்குகிறது' என்றேன்.
கோழியா, பாஸ்தாவா என்று கேட்டது
சாப்பாட்டு வண்டி.

பெட்டிகள் சுற்றும் இடத்தில் வில்னிஸ்
என் மறுபக்கத்தில் வந்து நின்றுகொண்டு
பேசினான், பேசினான்.
19பியில் ஒருவர், கஸகஸ்தானில் பிறந்தவர்,
இப்போது ஆல்பெர்ட்டாவில் தேனீ வளர்க்கிறார்,
வழியெல்லாம் ருஷ்ய மொழி.
ராணித் தேனீயைத் தபாலில் அனுப்புவார்களாம்,
தீப்பெட்டியளவு கூண்டில்,
கூடவே நாலைந்து தோழிகளையும் வைத்து.
உனக்குத் தெரியுமா?
தெரியாது.

உன் வலது காது கடைசியாகக் கேட்டது என்ன
என்று அந்த ஆள் விசாரித்தாராம்.

முப்பத்தொரு வருடத்தில்
எனக்குத் தோன்றாத கேள்வி.

என்ன சொன்னாய், என்றேன்.
நம் பெட்டி வருகிறது, என்றான்.

இப்போது ஔஸ்மாவின் சமையலறை.
மிச்சக் கேக், விடியற்காலை, வெளியே
மாப்பிள்ளையோடு பனிவண்டியில் உட்கார்ந்து
இவனும் தெருவை வாரிக்கொண்டிருக்கிறான்,
அந்த இரைச்சலில் எந்தக் காதும் ஒன்றுதான்.
திரும்பும் விமானத்துக்கு இருக்கை திறந்துவிட்டது.
22ஏ காலி. 22பி காலி.
விட்டுவிடேன், எங்கே கொடுக்கிறார்களோ கொடுக்கட்டும்
என்று நேற்று சொன்னான்.

விரலை வைத்தேன். எடுத்தேன்.
தேநீர் போட்டுவிட்டு வந்து பார்த்தால்
இந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது என்கிறது திரை.
மீண்டும் நுழைய வேண்டுமாம்.
எந்தக் கோட் என்று கேட்கிறது.